மிச்சப் படத்தையும் வாசியுங்கோ, டொக்டர்

பதினேழு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் எப்போதாவது ஒரு நாள் நீங்களும் அந்த மெஷினுக்குள் நிற்பீர்கள். நாடியை ஒரு தட்டில் வைத்து, ஒரு பிளாஸ்டிக் குச்சியை முன்பல்லால் கடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கோயில் சிலை மாதிரி அசையாமல் நிற்கவேண்டும். ஒரு கை உங்கள் தலையை மெதுவாகச் சுற்றி வரும். பதினைந்து செக்கன் அளவில் முடிந்துவிடும். பிறகு திரையில் ஒரு காதிலிருந்து மறு காது வரை இளிக்கிற கறுப்பு வெள்ளை மண்டையோடு ஒன்று வரும். அதுதான் நீங்கள். லண்டனில் அதை ஓ.பி.ஜி என்போம், ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சாள் பனோரமிக் என்கிறாள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பல் கிளினிக்குகளில் இந்தப் படம் தேவைக்கு மேல் எடுக்கப்படுகிறது, தேவைக்குக் குறைவாக வாசிக்கப்படுகிறது. இது தலைகீழாக மாறவேண்டும். மாற்றுவதில் நோயாளியாக நாற்காலியில் இருக்கிற எங்களுக்கும் பங்கு இருக்கிறது. அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற உங்களுக்கு இன்னும் கூட.

நான் பல் வைத்தியர் இல்லை. ஐ.டி கொன்சல்டன்ட். படித்தது இன்ஜினியரிங். இந்தப் படம் எப்படி உருவாகிறது என்று வாசிக்கப் போய்த்தான் எனக்கு இதில் ஆர்வம் வந்தது. ஏனென்றால் இது நாங்கள் நினைக்கிற மாதிரி ஒரு ஃபோட்டோ இல்லை.

1895 கடைசியில் ஜெர்மனியில் ரொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில கிழமைகளிலேயே, 1896 ஜனவரியில், வால்க்ஹொஃப் என்ற பல் வைத்தியர் தன் சொந்தப் பல்லையே படம் எடுத்துப் பார்த்துவிட்டார். 25 நிமிடம் கதிருக்கு முன்னால் அசையாமல் இருந்தாராம். (தயவுசெய்து வீட்டில் முயற்சிக்கவேண்டாம்.) ஆனால் அது சில பற்களின் படம்தான். தாடை வளைந்தது, ஃபிலிம் தட்டையானது. முழுத் தாடையையும் ஒரே படத்தில் எப்படிக் கொண்டுவருவது? 1940களின் கடைசியிலும் 1950களிலும் ஹெல்சிங்கியில் பாத்தெரோ என்ற ஃபின்லாந்துக்காரர் இதைத் தீர்த்தார். ஒரு மெல்லிய கீற்றாகக் கதிரை விட்டு, கதிர்க்குழாயையும் ஃபிலிமையும் தலையைச் சுற்றி ஒன்றாக நகர்த்தினால், வளைந்த தாடை விரித்துப் போட்ட பாய் மாதிரிப் படத்தில் விழும். ஓ.பி.ஜி என்ற பெயரே அவருடைய முறைக்கு வைத்த பெயரின் சுருக்கம்தான்.

இதற்குள்தான் சூட்சுமம் இருக்கிறது. மெஷின் நகரும்போது குதிரை லாடம் போன்ற ஒரு வளைந்த பட்டைக்குள் இருக்கிறவை மட்டும்தான் தெளிவாக விழும். பட்டைக்கு வெளியே இருக்கிறவை இழுபட்டு மங்கிப்போகும். முன்பற்கள் இருக்கிற இடத்தில் அந்தப் பட்டை மிக ஒடுக்கம். நீங்கள் கொஞ்சம் முன்னால் நின்றால் முன்பற்கள் மெலிந்து தெரியும், பின்னால் நின்றால் கொழுத்துத் தெரியும். நாடியை அதிகம் தாழ்த்தினால் பல் வரிசை அளவுக்கு மீறிச் சிரிக்கும், உயர்த்தினால் சிரிப்பே போய்விடும். கூனிக்கொண்டு நின்றால் கழுத்தெலும்பின் நிழல் படத்தின் நடுவில் வெள்ளையாகப் படிந்து முன்பற்களை மறைக்கும். நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைக்கச் சொல்வது சும்மா இல்லை. ஒட்டாவிட்டால் நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் இருக்கிற காற்று ஒரு கறுப்புப் பட்டையாக விழுந்து மேற்பற்களின் வேர்களை மூடிவிடும்.

தோட்டைக் கழற்றாமல் நின்றால் இன்னும் வேடிக்கை. அந்தத் தோடு தன் இடத்திலும் விழும். அதோடு எதிர்ப் பக்கத்தில், கொஞ்சம் மேலே, பெரிதாகவும் மங்கலாகவும் இன்னொரு முறை விழும். ஆங்கிலத்தில் இதைப் பேய்ப் படம் என்றே சொல்கிறார்கள். மூக்குத்தியும் விழும். அதைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கிற அம்மம்மாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எனக்கு இதுவரை வெற்றி இல்லை.

ஆக, திரையில் தெரிவது மெஷின் கணக்குப் போட்டு விரித்துக் காட்டுகிற ஒன்று. ஒரு பகுதி கூடப் பெருத்திருக்கும், இன்னொரு பகுதி குறைவாகப் பெருத்திருக்கும், அதனால் ரூலர் வைத்து அளந்தால் பிழைக்கும். கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் இருக்கிற பற்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரிவதால், இரண்டு பல்லுக்கு இடையில் தொடங்குகிற சின்னச் சூத்தை இதில் சரியாகத் தெரியாது. அதற்கு வாய்க்குள் வைத்துக் கடித்து எடுக்கிற சின்னப் படம்தான் நல்லது. “சூத்தை இருக்கோ என்று பார்க்க ஓ.பி.ஜி எடுப்பம்” என்று யாராவது சொன்னால், ஏன் சின்னப் படம் போதாது என்று நீங்கள் மரியாதையாகக் கேட்கலாம்.

கதிரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் படத்தில் உடம்புக்குப் போகும் அளவு குறைவு. பிரிட்டனில் சும்மா உயிரோடு இருப்பதற்கே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எங்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.7 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. ஒரு ஓ.பி.ஜி ஏறத்தாழ அதில் சில நாட்களின் பங்கு. ஈய ஏப்ரன் போடவில்லையே என்று அம்மா பதறினால் அதற்கும் பதில் இருக்கிறது: 2024இல் அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கமே அந்த ஏப்ரனும் கழுத்துப்பட்டியும் இனி வேண்டாம் என்று பரிந்துரைத்துவிட்டது. கழுத்துப்பட்டி இந்தப் படத்தில் தாடையையே மறைக்கக்கூடும். ஆனால் அளவு சின்னது என்பதற்காகக் காரணமில்லாமல் எடுக்கலாம் என்று ஆகாது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் வழக்கமாக ஓ.பி.ஜி எடுக்கக்கூடாது என்பதுதான் இங்குள்ள பல் வைத்தியர்களின் சொந்த வழிகாட்டி. 2018 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கதிர்ப்படச் சட்டவிதிகளும் ஒவ்வொரு படத்துக்கும் காரணம் வேண்டும் என்கின்றன.

அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. எடுத்த படத்தை வாசித்து, என்ன தெரிந்தது என்று எழுதி வைக்கவேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே படித்த நிபுணர் இருப்பார், ஆனால் அப்படியானவர்கள் நாடு முழுவதற்கும் மிகச் சிலர்தான். தெருமுனைக் கிளினிக்கில் படத்துக்குக் காரணம் சொல்கிறவரும், வாசிக்கிறவரும், எழுதுகிறவரும், பிறகு பல்லைப் பிடுங்குகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்.

அவர் எதை வாசிக்கவேண்டும்? பற்கள் அந்தப் படத்தின் நடுப்பகுதி மட்டும்தான். இரண்டு ஓரத்திலும் தாடை மூட்டுகள். மேலே கன்னத்துக்குள் இருக்கிற காற்றறைகள். கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடுகிற கால்வாய், இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாக. கழுத்தின் மென்பகுதியும் கொஞ்சம் விழும். சில வயதானவர்களுக்கு அங்கே கழுத்து நாடியில் படிந்த கல்சியம் தெரிவதுண்டு. அதைக் கண்டால் பல் வைத்தியர் குடும்ப டொக்டருக்கு எழுதவேண்டும். அதனால் பாடத்தில் சொல்லித்தருகிற ஒழுங்கு ஓரத்திலிருந்து உள்ளே வருவது: மூட்டு, எலும்பு விளிம்பு, காற்றறை, கால்வாய், எல்லாம் முடிந்து கடைசியில் பல். நோகிற பல்லுக்கு நேரே பாய்ந்தால் அதிலேயே கண் நின்றுவிடும்.

இது மனித மூளையின் குணம். தேடின ஒன்று கிடைத்ததும் தேடல் தானாக ஓய்ந்துவிடும். 2013இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். நுரையீரல் ஸ்கானில் ஒரு கொரில்லாவின் சின்னப் படத்தை ஒளித்து வைத்து, 24 கதிர்ப்பட நிபுணர்களிடம் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கொரில்லா ஒரு சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் காணவில்லை. கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தால், அவர்களில் பலர் கொரில்லா இருந்த இடத்தை நேரே பார்த்திருக்கிறார்கள்! என் வேலையிலும் இதுதான் நடக்கும். சேர்வர் விழுந்தால் லொக்கில் முதல் சிவப்பு வரியைக் கண்டதும் பத்துப் பேரும் அதற்குப் பின்னால் ஓடுவார்கள். காரணம் அதற்கு நாற்பது வரி மேலே, நிறமில்லாமல் இருக்கும்.

தவறவிட்டால் என்ன ஆகும்? உங்கள் வயதுக்காரருக்கு ஒரு உதாரணம். வெளியே வராமல் எலும்புக்குள் படுத்திருக்கிற ஞானப்பல்லின் தலையைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். அது இயல்பு. அந்த வளையம் அகலமாகத் தொடங்கினால் நீர்க்கட்டியாக இருக்கலாம். அது நோகாது, வீங்காது, வருடக்கணக்கில் அமைதியாகத் தாடையெலும்பைத் தின்னும். பெரும்பாலும் வேறு காரணத்துக்கு எடுத்த படத்தில்தான் அகப்படும், அதுவும் யாராவது அந்த மூலையைப் பார்த்தால்.

இல்லாததைக் கண்டுவிடுவதும் அதே அளவு மோசம். கீழ்த்தாடையில், கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் இருக்கிற பற்களின் வேருக்குப் பக்கத்தில், நரம்பு வெளியே வருகிற ஒரு இயற்கையான துளை இருக்கிறது. அது வேர் நுனியில் வந்து விழுந்தால் கிருமி பிடித்த மாதிரியே தெரியும். கீழ் முன்பற்களின் வேர் நுனியில் எலும்பு தன் இயல்பை மாற்றிக்கொள்கிற ஒரு நிலையும் உண்டு. நடுத்தர வயதுப் பெண்களுக்கு, அதுவும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு, அதிகம் வரும். தொடக்கத்தில் வட்டமான கறுப்பாகத் தெரியும். பல் உயிரோடுதான் இருக்கும், எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. குளிர் வைத்துப் பல்லுக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். சோதிக்காமல் படத்தை மட்டும் நம்பினால் நல்ல பல்லைத் துளைத்து ரூட் கனால் செய்துவிடுவார்கள்.

ஞானப்பல்லில் இன்னொரு விசித்திரம். ஒரே மாதிரிப் படம், இரண்டு நாடு, இரண்டு தீர்ப்பு. ரொறன்ரோ மச்சாள் பதினெட்டு வயதில் நான்கையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கி ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். அங்கே அது பள்ளிக்கூடம் முடிக்கிற சடங்கு மாதிரி. இங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி இருக்கிறது: நோயில்லாத ஞானப்பல்லை, பிறகு பிரச்சினை வரலாம் என்பதற்காக என்.எச்.எஸ்ஸில் பிடுங்கக்கூடாது. என் வாய்க்குள் இரண்டு இன்னும் படுத்திருக்கின்றன. யார் சரி என்று பல் வைத்தியர்களே இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு இங்கிலாந்துப் பக்கம்தான் சாய்வு. கத்தி வைப்பதென்றால் படம் கட்டாயம் சரியாக வாசிக்கப்படவேண்டும். வேர் கால்வாயைக் கடக்கிற இடத்தில் வேர் கறுத்திருக்கிறதா, கால்வாயின் வெள்ளைக்கோடு அறுபட்டிருக்கிறதா, கால்வாய் வளைந்து விலகுகிறதா என்று பார்க்கவேண்டும். இவை இருந்தால் பல்லும் நரம்பும் நெருக்கம். கவனிக்காமல் பிடுங்கினால் கீழ் உதடும் நாடியும் விறைத்துப்போகலாம். சிலருக்கு அது திரும்புவதே இல்லை.

போன வருடம் அம்மாவோடு ஒரு கிளினிக்குக்குப் போனேன். படம் திரையில் வந்தது. டொக்டர் மேல் கடைவாய்ப்பல் ஒன்றைக் காட்டி, இதைப் பிடுங்கவேண்டும், மற்றதெல்லாம் ஓக்கே என்றார். இருபது செக்கன் இருக்கும். அம்மா வழக்கம்போல “ஓம், ஓம்” என்று தலையாட்டினா. டொக்டர் சொன்னால் ஓம் சொல்லவேண்டும் என்பது அம்மாவின் தலைமுறை. நான் கேட்டேன்: “மிச்சப் படத்தையும் ஒருக்கா எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவீங்களா?” அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு ஓரத்திலிருந்து தொடங்கினார். நான்கு நிமிடம். பிடுங்கவேண்டிய பல்லின் வேர்கள் கன்னத்துக் காற்றறையின் தரைக்குள் நீட்டிக்கொண்டு நிற்பது மாதிரித் தெரிகிறது என்று அப்போதுதான் சொன்னார். அப்படியான பல்லைப் பிடுங்கும்போது சில நேரம் வாய்க்கும் காற்றறைக்கும் நடுவில் ஓட்டை விழும். சின்னப் படம் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எழுதினார்.

அவரில் எனக்குக் கோபம் இல்லை. இங்கிலாந்தில் 2006இலிருந்து என்.எச்.எஸ் பல் வைத்தியருக்குச் சம்பளம் அலகுக் கணக்கில். சோதனை, எக்ஸ்ரே, வாசிப்பு, ஆலோசனை எல்லாம் சேர்த்து ஒரு அலகு. படத்தை நான்கு நிமிடம் வாசித்தாலும் அதே ஒன்று, இருபது செக்கன் வாசித்தாலும் அதே ஒன்று. வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். வாசிப்பைச் சட்டம் கேட்கிறது, அதற்குத் தனியாக யாரும் காசு கொடுப்பதில்லை. எங்கள் துறையில் டெஸ்டிங்குக்கு நேரம் ஒதுக்காத புரொஜெக்ட் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

இதற்கு ஏ.ஐ வந்துவிட்டதே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். வந்துவிட்டதுதான். ஓவர்ஜெட் 2021இலும் பேர்ல் 2022இலும் பல் எக்ஸ்ரேக்களை ஆராய அமெரிக்க எஃப்.டி.ஏ அனுமதி பெற்றன. நான் சொஃப்ட்வெயர்காரன், இதை வெறுக்கமாட்டேன். ஆனால் கலர்ப் பெட்டிகள் ஏற்கெனவே போட்டுத் திறக்கிற படத்தில் கண் பெட்டிக்குத்தான் போகும். பெட்டி இல்லாத இடம் சுகமான இடம் என்று மூளை முடிவு செய்துவிடும். சூத்தையையும் எலும்புத் தேய்வையும் தேடப் பழக்கின மென்பொருள் தாடை மூட்டைப் பற்றி வாய் திறக்காது. முதலில் மனிதர் வெறும் படத்தை முழுசாக வாசிக்கட்டும், பிறகு பெட்டிகளைப் போடட்டும். அந்த வரிசைக்கு நான் ஆதரவு. பெட்டியை நோயாளிக்குக் காட்டி “பாருங்கோ, கொம்பியூட்டரே சொல்லுது” என்று சிகிச்சை விற்பதற்கு இல்லை.

இனி மொழிபெயர்ப்பாளராகப் போகிறவர்களுக்கு. டொக்டர் “ஷடோ” என்றால் நிழல் என்று மட்டும் சொல்லாதீர்கள். படத்தில் கறுப்பாகத் தெரிகிற இடம், என்னவென்று இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லுங்கள். “சிஸ்ட்” என்றால் நீர்க்கட்டி. வெறும் கட்டி என்று சொன்னால் அம்மாவின் காதில் கான்சர் என்றுதான் விழும், அன்று இரவு யாழ்ப்பாணம் வரை செய்தி போய்விடும். “கம்” என்பது முரசு, “போன் லொஸ்” என்பது முரசுக்குக் கீழே எலும்பு தேய்வது. உங்களுக்கு விளங்காததை ஊகித்துச் சொல்லவேண்டாம். டொக்டரிடமே திருப்பிக் கேளுங்கள். ஏன் இந்தப் படம், வேறு இடத்தில் எடுத்த பழைய படம் போதாதா, பல்லுக்கு வெளியே ஏதாவது தெரிகிறதா, இந்தக் கறுப்பு வேறு என்னவாக இருக்கலாம், அதை எப்படிச் சோதிப்பீர்கள். பதில் வரும்வரை கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.

படத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் அது உங்கள் தரவு; தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள், பொதுவாக இலவசமாகத் தரவேண்டும். கிளினிக் மாறினால் இன்னொரு ஓ.பி.ஜி மிச்சம். கேட்கும்போது அசல் டைகொம் கோப்பாகத் தரச் சொல்லுங்கள், வாசித்து எழுதின குறிப்பையும் சேர்த்து. திரையை ஃபோனால் படம் பிடித்து, ஃபிளாஷ் வெளிச்சம் சரியாக ஞானப்பல்லின் மேல் விழுந்திருக்க, கொழும்பில் பல் வைத்தியராக இருக்கிற மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி “மாமா, இது ஓக்கேயா?” என்று கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. பாவம், அவருக்கு அதில் என்ன தெரியும்?